அல்வால் உரையில் என் பாதி

நான் கட்டியெழுப்பியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கம் கருதி இதைக் கடைசியில் சொல்பவர்கள் உண்டு. கடைசிப் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்?

ஆறாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்து வந்தவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு செகந்தராபாத்தில் நாற்பத்து மூன்று வருடம் மைக் செட் நடத்தினேன். கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. ‘மைக் ஆரோக்கியம்’ என்றால் போலீஸ் ஸ்டேஷனில்கூட வழி சொல்வார்கள். நான்கு குழாய் ஸ்பீக்கரில் ஆரம்பித்து அறுபத்து நான்கு வரை கொண்டுபோனேன். அல்வாலில் மாடி வீடு. மூன்று மகள்கள், மூன்று பட்டம். மூத்தவளின் பட்டமளிப்பு விழாவுக்கு மைக் செட் என்னுடையதுதான். அவள் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருந்ததென்றால் அதற்கு நானே பொறுப்பு. மாதா கோயில் தேர்த் திருவிழாவில் கொட்டுகிற மழையில் சாமியாரின் பிரசங்கம் ஒரு வார்த்தை அறுந்ததில்லை. மழை நின்றிருந்தால் அவரும் சீக்கிரம் நிறுத்தியிருப்பார், அது வேறு விஷயம். பதினோரு தேர்தல் பார்த்தேன். காலையில் ஒருவர் இன்னொருவரைத் திருடன் என்பார். மாலையில் அந்த இன்னொருவர் இவரைத் திருடன் என்பார். இரண்டு பேரையும் என் ஆம்ப்ளிஃபயரில்தான் ஊர் கேட்டது. இருவர் குரலும் தெளிவாகக் கேட்டது என்பதற்கு நான் உத்தரவாதம். இருவரும் சொன்னது உண்மை என்றுதான் ஜனங்களும் நினைத்தார்கள்.

நான் கட்டியவற்றில் கடைசியானது ஒரு வேட்பாளரின் தேசியக் கருத்துகள். பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றவர். இன்று அந்தக் கருத்துகள் கெட்டி அட்டை போட்ட புத்தகமாகியிருக்கின்றன. அவற்றில் பாதி என்னுடையவை. என் பெயர் அதில் இல்லை. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்ச் சங்க மலருக்கு ‘பணி ஓய்வு பெற்றோர் அனுபவம்’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். சங்கச் செயலாளர் தம்பி கொண்டாப்பூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். “அங்கிள், நீங்க பேசுங்க, நான் டைப் பண்ணிக்கறேன்” என்றார். நக்கோ தம்பி, வேண்டாம் என்றேன். நான் பேசியதை இன்னொருவர் எழுதிக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவன் நான். பிழை இருந்தால் செயலாளர் திருத்தட்டும், ஆனால் எதையும் வெட்ட வேண்டாம்.

தொழில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோண்டா மார்க்கெட் பக்கம் கரீம் உஸ்தாத் கடை. ஏழு வருடம் ஒயர் சுருட்டினேன். முதல் இரண்டு வருடம் மைக்கைத் தொடவே விடவில்லை.

உஸ்தாதைப் போல ஓர் ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. மேடையில் மந்திரியே பேசினாலும் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பார்வை கூட்டத்தின் கடைசி விளிம்பில் இருக்கும். அங்கே ஒருவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பான். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவன் உண்டு. நான் ஒரு தடவை மேடையை வாய் பிளந்து பார்த்தபோது மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. “ஸ்டேஜ் கைக்கு தேக்தா ரே? சைக்கிள்வாலே கோ தேக்!” மேடையை ஏன் பார்க்கிறாய், சைக்கிள்காரனைப் பார் என்று அர்த்தம். அவன் ஊன்றிய கால் பெடலுக்குப் போனால் கூட்டம் கலையப்போகிறது. அவன் இறங்கி ஸ்டாண்டு போட்டால் பேசுகிறவர் ஜெயித்துவிட்டார். எண்ணிக்கை அன்றைக்கு வருகிற முடிவு உஸ்தாதுக்குப் பிரசாரத்திலேயே தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

மைக் சோதிப்பதற்கு ‘ஹலோ ஹலோ’ சொல்லக் கூடாது. ‘ஸ்டேஷன், சீசா, பாப்பா, பம்ப்’ என்று சொல்ல வேண்டும். ஸ சீறுகிறதா, ப வெடிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் குழாய் திருப்பக் கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்தால், ஒரு வாய் டீ குடிக்க என்றாலும் சரி, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, வாய்விட்டு ‘பந்த்’, அதாவது மூடியாயிற்று, என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கல்யாணத்தில் திறந்து கிடந்த மைக் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் நிறத்தைப் பற்றித் தன் தம்பியிடம் ஏதோ சொல்லப்போய், பிரியாணி அண்டாவோடு கல்யாணம் நின்றுபோனதாம். அன்றிலிருந்து அந்தச் சட்டம். நான் அதை நாற்பத்து மூன்று வருடம் காப்பாற்றினேன். தொழிலில் என் மானம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

இப்போது வேட்பாளருக்கு வருகிறேன். அவரைக் குற்றாலம் சார் என்று சொல்வோம். தென்காசிப் பக்கத்துக்காரர். ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்துப் பெரிய அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து, உச்சாணிக் கிளையில் ஓய்வு பெற்றவர். எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. எந்தக் கட்சியும் கூப்பிட்டதுமில்லை. நான் கடையை மூடி இரண்டு வருடம் ஆன பிறகு ஒரு நாள் வீடு தேடி வந்தார்.

“ரிடையர் ஆயிட்டீங்களாமே ஆரோக்கியம்?”

“ஆமா சார்.”

“நானும்தான். ரிடையர் ஆனவனாலதான் தேசத்தைப் பத்தி யோசிக்க முடியும். மத்தவனுக்கெல்லாம் வேலை இருக்கு.”

இந்த ஒரு வார்த்தைக்காகவே பரணிலிருந்து நான்கு குழாய்களை இறக்கினேன்.

சாரிடம் பன்னிரண்டு கருத்துகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் டைப் செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எண்ணிட்டு வைத்திருந்தார். வயது வந்த எல்லோருக்கும் இரண்டு வருடக் கட்டாயப் பட்டாளம், அது முதல் கருத்து. வருமான வரி கட்டுகிறவனுக்கு இரண்டு ஓட்டு, அது இரண்டாவது. மூன்றாவது, இலவசம் எதுவும் எவருக்கும் கிடையாது. பெற்றோரோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு வரிச்சலுகை, தேசம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை என்று போய், ஏழாவது கருத்தில் ஒரு மாநிலத்துக்காரன் இன்னொரு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று வரும். பன்னிரண்டாவது வெளியுறவு. அது மட்டும் ஐந்து தாள்.

தெரு, தண்ணீர், சாக்கடை பற்றி யாராவது கேட்டால் சார் கையைத் தூக்கித் தடுப்பார். “அது கார்ப்பரேட்டர் வேலை. நான் பாராளுமன்றத்துக்குப் போறவன்.” சாக்கடை அடைத்த தெருவில், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு முன்னால், வெளியுறவுக் கருத்தை அவர் ஐந்து தாளும் படித்தார். அண்டை நாடுகள் பயந்தனவோ என்னவோ, கொசுக்கள் பயப்படவில்லை.

முதல் கூட்டம் ஏ.எஸ்.ராவ் நகர் பூங்காவில், அவருடைய வாக்கிங் நண்பர்கள் நடுவே நடந்தது. எல்லாரும் பென்ஷன்காரர்கள். இலவசத்தை ஒழிக்க வேண்டும் என்றதும் அப்படி ஒரு கைதட்டல். கூட்டம் முடிந்ததும் அதே கைகள் சாரை வளைத்துக்கொண்டு, ரயிலில் முதியோர் சலுகையை எப்போது திரும்பக் கொடுப்பார்கள் என்று கேட்டன. சார் அதைக் குறித்துக்கொண்டார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பார்த்தேன்.

இதற்கு மேல் தேர்தல் அதிகாரி வேறு விளையாடினார். சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் மிக்ஸி. இலவசமே கூடாது என்கிற ஆளுக்கு மிக்ஸி! தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும் தெருவுக்குள் எங்கள் ஆட்டோ நுழைந்ததும் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். “சார், எத்தனை ஜார் தருவீங்க?” சார் வண்டியை நிறுத்தி, மிக்ஸி தர மாட்டேன் என்று பத்து நிமிடம் விளக்கினார். அத்தனையும் கேட்டுவிட்டு ஒரு அம்மா, “அப்ப கிரைண்டரா?” என்றார்.

சாரின் மாப்பிள்ளைக்கும் கொண்டாப்பூரில்தான் ஐ.டி. வேலை. அவர்தான் வினையைக் கொண்டுவந்தார். மாமனார் கையில் தாளையும் மைக்கையும் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறாராம், அதனால் சட்டைப் பொத்தானில் குத்துகிற காலர் மைக் ஒன்று வாங்கி வந்தார். ஒயர் இல்லாதது. எனக்கு அதைக் கண்டதுமே பிடிக்கவில்லை. ஸ்டாண்டு மைக் இருந்த இடத்தில் இருக்கும், பேசுகிற ஆள்தான் அதனிடம் வர வேண்டும். இது ஆள் போகிற இடமெல்லாம் கூடவே போகும். “எப்போ கழட்டணும்னு அவருக்கு யார் சொல்றது?” என்று கேட்டேன். “அங்கிள், ஜஸ்ட் உங்க மிக்சர்ல மியூட் பண்ணுங்க, அவ்ளோதான்” என்றார். ஆம்ப்ளிஃபயரில் இரண்டாவது குமிழை அதற்கு ஒதுக்கினேன்.

அல்வால் கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. ரயில்வே லைன் பக்கத்து மைதானம், தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஏற்பாடு. எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள், நேற்று வந்த ஐ.டி. பிள்ளைகள், நான்கு தலைமுறையாக இருக்கிறவர்கள் என்று நாற்காலி நிறைந்தது. என் ஊர், என் ஜனம். நான்கு குழாயையும் ரோட்டைப் பார்த்துக் கட்டினேன். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ், அதற்கும் பின்னால் ஜெனரேட்டர்.

சார் முதல் கருத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவதில் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். எங்கள் தெரு மரியா அக்கா.

“ஏன் சார், ஓசி பஸ்ஸை நிறுத்திட்டா நான் பேகம்பேட்டைக்கு வேலைக்கு எப்படிப் போறது?”

சார் பதில் சொல்லாமல் படித்துக்கொண்டே போனார். அக்கா விடவில்லை. மறுபடி எழுந்தார், மறுபடி கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றி, மிகவும் பொறுமையாகச் சொன்னார்:

“அம்மா, அது மூன்றாம் கருத்து. நான் இப்போ ஏழாம் கருத்துல இருக்கேன்.”

அந்த ஏழாவதுதான் பிழைக்கப் போகிறவனுக்கு அனுமதிச் சீட்டு. கேட்டுக்கொண்டிருந்த எல்லாருமே எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஓரத்தில் நின்ற சைக்கிள்காரன் காலைப் பெடலில் வைத்துவிட்டான். சார் ‘ஐந்து நிமிட இடைவேளை’ என்று அறிவித்துவிட்டு இறங்கி, ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போய், எனக்குக் கையசைத்தார்.

நான் எழுந்தேன். முதல் குமிழைத் திருப்பினேன். உள்ளங்கையை வைத்தேன். ‘பந்த்’ என்றேன். போனேன்.

இரண்டாவது குமிழ் திருப்பாமலே இருந்தது.

ஜெனரேட்டர் காதைக் கிழித்ததால் நாங்கள் நெருங்கி நின்று கத்த வேண்டியிருந்தது. என் வாய்க்கும் அவர் பொத்தானுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

“ஏன் ஆரோக்கியம் எந்திரிச்சுப் போறாங்க? சத்தம் பத்தலையா?”

“சத்தம் நல்லாத்தான் சார் இருக்கு. அதனாலதான் போறாங்க.”

“என்ன சொல்லுதீரு?” கோபம் வந்தால் சாருக்குத் தென்காசி வந்துவிடும்.

“ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேக்குது சார். வேற ஆளோட செட்டா இருந்தா பாதி புரிஞ்சிருக்காது, மரியாதையா உக்காந்திருப்பாங்க.”

“ஏழாம் கருத்துல என்னவே தப்பு? ஒருத்தன் இன்னொரு மாநிலத்துக்குப் போனா சீட்டு வாங்கிட்டுப் போகட்டுமே. ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

“நீங்க தென்காசிலேந்து வந்தப்போ யார்கிட்ட சீட்டு வாங்கினீங்க?”

“நான் கவர்மென்ட் வேலைக்கு வந்தேன்வே!”

“எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கறி ஆக்க வந்தாரு. அதுவும் கவர்மென்ட் வேலைதான். உங்க மாப்பிள்ளை கொண்டாப்பூர்ல உக்காந்து அமெரிக்காக்காரனுக்கு வேலை பாக்குறாரே, அவருக்கு எந்த ஊர் சீட்டு? ஹவ் சார், ஆமா, உங்க சீட்டு ஆபீஸ் க்யூவுக்குப் பயந்தே பாதி ஜனம் வேற தேசத்துக்கு ஓடிடும்.”

“சரி, அத விடும். இலவசம்? ஓசில குடுத்தா ஜனம் சோம்பேறி ஆயிரும்லா?”

“உங்க கம்பெனி கேண்டீன்ல சாப்பாடு எப்படி சார் அவ்ளோ சல்லிசு?”

“அது மானியம்வே.”

“குவார்ட்டர்ஸ்?”

“சலுகை.”

“பொண்ணு படிச்ச ஸ்கூலு? நீங்க போன பஸ்ஸு?”

“வசதி.”

“உங்களுக்குக் குடுத்தா மானியம், சலுகை, வசதி. மரியா அக்கா பஸ்ஸுல ஏறினா மட்டும் ஓசி. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பாத்திரம் தேய்க்கப் போறவளா சார் சோம்பேறி? அப்புறம் பட்டாளம். இது அல்வால் சார், இங்க வீட்டுக்கு வீடு பட்டாளத்துல இருந்தவன் இருக்கான். இவங்களைப் போயி பட்டாளத்துக்கு வான்றீங்க. உங்க பேரனை அனுப்புவீங்களா?”

“அவன் கனடாவுல இருக்கான்.”

“அங்கேருந்து பாகிஸ்தான் பார்டர் தெரியாதே சார்.”

“கிண்டலாவே பண்ணுதீரு?”

“நக்கோ சார், கிண்டல் இல்ல. சாக்கடையைப் பத்திக் கேட்டா தேசம்ன்றீங்க. தேசம் இந்தத் தெருவுல ஆரம்பிக்கலன்னா வேற எங்க சார் ஆரம்பிக்குது? டெல்லில ஆரம்பிச்சு இங்க வந்து சேர்றதுக்குள்ள எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுதே!”

அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். கையிலிருந்த தாள்களை அவர் அப்படியே தொங்கவிட்டார். பிறகு அவர் பேசியது போல் யார் பேசியும் நான் கேட்டதில்லை, எந்த மேடையிலும் கேட்டதில்லை.

“முப்பத்தஞ்சு வருஷம் எனக்குக் கீழ ஆயிரக்கணக்குல ஆளு. நான் என்ன சொன்னாலும் ‘எஸ் சார்’. இப்ப வாக்கிங் கூட்டாளிக தலைய ஆட்டுதானுவ. வீட்டுல வாயத் தெறந்தா மாப்பிள்ள காதுல இயர்போன மாட்டிக்கிடுதாரு. நான் சொல்லுதது சரியா தப்பான்னு எனக்கே தெரியலவே. தப்புன்னா ஒருத்தன் தப்புன்னு சொல்லட்டும்னுதான் எலக்‌ஷன்ல நின்னேன். இத்தன நாளும் ஒருத்தன் சொல்லல. எந்திரிச்சுல்லா போறான்.”

“நான் சொல்றேன்ல சார்.”

“இத்தன நாளா எங்கவே போயிருந்தீரு?”

“ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலதான் சார் இருந்தேன். நீங்கதான் கேக்கவேயில்ல.”

அப்போது ஃப்ளெக்ஸின் ஓரத்தை விலக்கிக்கொண்டு மரியா அக்கா தலையை நீட்டினார்.

“ஆரோக்கியம் அண்ணா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. சார் பேசுறது நல்லா கேக்குது, நீங்க பேசுறதுதான் கடைசில இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்.”

ஆம்ப்ளிஃபயரை நோக்கி ஓடினேன். இரண்டாவது குமிழ் ஏழில் நின்றது. எழுந்து போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி பத்தாமல் ரோட்டோரம் வரை ஆள். தமிழ் தெரியாத பானிபூரிக்காரர்கூடத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரன் ஸ்டாண்டு போட்டுவிட்டு கேரியரில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நாற்பத்து மூன்று வருடத்தில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல் அது, என் தொழிலின் முதல் தப்புக்கு.

தப்பு என்று நான் சொல்லவில்லை. மேடையோரம் வந்து நின்ற சங்கத்தார் “எப்படி அங்கிள்?” என்று கேட்டதும் என் வாய் தானாகத் திறந்தது. “வேணும்னேதான் தெறந்து வெச்சேன். எங்க உஸ்தாத் சொல்லிக் குடுத்த வேலை இது. கூட்டம் போறப்போ இப்படித்தான் புடிக்கணும்.” செத்துப்போன மனிதரின் மேல் இப்படி ஒரு பொய்யைப் போட்டேன். வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா மட்டும் நம்பவில்லை. “ஃபேனை ஆஃப் பண்ணாம போற ஆளு, மைக்கை மட்டும் யோசிச்சுத் தெறந்து வெச்சாராக்கும்” என்றாள்.

யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கப் போனது. படத்தில் காலியான மேடையும் ஃப்ளெக்ஸில் சாரின் சிரித்த முகமும்தான் தெரியும், குரல் மட்டும் வரும். மறுநாள் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஆரோக்கியம், நேத்து மாதிரியே இன்னைக்கும் திட்டணும். மேடையிலயே.” மேடை ஏறினேன். முன்னால் ஸ்டாண்டு மைக். “மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, தங்களது மேலான ஏழாம் கருத்தில் அடியேனுக்கு ஒரு சிறு ஐயம்” என்று என் வாயிலிருந்து வந்தது. “தாராளமாகக் கேளுங்கள் ஐயா” என்றார் அவர். ஜனம் கலைந்துபோனது.

சார் தோற்றார். நோட்டாவிடமும் தோற்றார். ஆனால் அந்த வீடியோவால் ஆள் பிரபலமாகிவிட்டார். யூடியூப் சானல்காரர்கள் வீட்டுக்கே வந்து நாற்காலி போட்டுத் தேசியப் பிரச்சினைகளைக் கேட்டார்கள். ஒவ்வொரு பேட்டியிலும் கருத்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பட்டாளம், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்றானது. இரண்டு ஓட்டு காணாமல் போனது. ஏழாம் கருத்து தலைகீழாகப் புரண்டு, பிழைக்கப் போகிறவனை எவனும் தடுக்கக் கூடாது என்றானது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சானல்காரர்கள் கேட்டபோது “மக்களோடு மக்களாகப் பழகியதில்” என்றார். அந்த மக்கள் நான் ஒருவன்தான்.

பிறகு புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கி ஆறு பக்கம், ‘அல்வால் உரை’ என்ற தலைப்பில். வாசித்தேன். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இரண்டு பேர் போட்ட சண்டை, ஒரே ஆள் நின்று முழங்கிய உரையாகியிருந்தது. ‘நான் கேட்கிறேன், தங்கள் நிறுவனத்தின் உணவகத்தில் சாப்பாடு எப்படி அவ்வளவு மலிவு?’ என்று சார் யாரையோ பார்த்து முழங்குகிறார். கேண்டீனில் சாப்பிட்டவரே அவர்தான்! ‘தேசம் இந்தத் தெருவில் தொடங்கவில்லையெனில் வேறெங்கு தொடங்குகிறது?’ என்ற என் வார்த்தை அட்டையின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அவர் மனம் விட்டுப் பேசினாரே, ‘சரியா தப்பான்னு எனக்கே தெரியல’ என்று, அது மட்டும் இல்லை. நன்றியுரையில் மாப்பிள்ளை இருக்கிறார், வாக்கிங் நண்பர்கள் ஒவ்வொருவராக இருக்கிறார்கள், முழங்கால் வலிக்கு மருந்து கொடுத்த டாக்டர் இருக்கிறார். கடைசியில், ‘ஒலிபெருக்கி உதவி: உள்ளூர் நண்பர்கள்.’

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போனேன். சார் காப்பி கொடுத்தார். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவை படிப்பவர் போலப் படித்தார்.

“இதுல பாதி உம்ம பேச்சுதான். இல்லேங்கல.”

“அப்ப பேரைப் போடுங்க சார். ரெண்டாம் பதிப்பு வருதாமே.”

“போடலாம். எப்படிப் போட? ரெண்டு பேரு பேசுனதுன்னு போட்டா, அது எப்படி ஜனத்துக்குக் கேட்டுதுன்னும் போடணும்லா. நீரு ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரியுதீரு? வேணும்னே மைக்கத் தெறந்து வச்சேன்னு.”

நான் காப்பியைப் பார்த்தேன்.

“அன்னைக்கு நான் உம்மகிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுல இருக்கறவங்ககிட்டகூட நான் அதச் சொன்னது கெடையாது. அத நீரு தெரிஞ்சே ஊருக்குத் தெறந்து விட்டீருன்னா, நான் எப்படிவே உம்ம பேரப் போடுவேன்? மறந்துட்டீருன்னா சொல்லும். ரெண்டு பேரும் நெசமாத்தான் பேசுனோம்னு ஆயிரும். முழுசா போடுதேன், நான் பேசுனதையும் சேத்து.”

“மறந்துட்டேன்னு சொன்னா என் தொழில் என்ன ஆகும் சார்?”

“நீருதான் ரிடையர் ஆயிட்டீருல்லா?”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சார் வாசல் வரை வந்து, “எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. நீரு பொய் சொன்ன அத்தன பேருக்கும் தெரியுத மாதிரி எழுதும்” என்றார்.

நான்கு மாதம் எழுதாமல் இருந்தேன். இப்போது டிஜிட்டல் மிக்சர் வைத்துத் தொழில் செய்கிற இளைஞர்கள் என்னை வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “ஸார், ஓப்பன் மைக் டெக்னிக் எங்களுக்கும் சொல்லிக் குடுங்க” என்று கேட்கிறார்கள். கல்லூரியில் படித்த பையன்கள், ஆறாம் வகுப்புக்காரனிடம் கேட்கிறார்கள். அதை இழக்க யாருக்கு மனம் வரும்? மைக் செட்காரன் என்ற மானமா, ஆறு பக்கப் பேச்சில் பாதியா? இரண்டையும் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். இல்லை. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப என்னைப் போல் ஆயிரம் பேர் வருவார்கள். குற்றாலம் சாரிடம் தப்பு என்று சொன்னவன் இந்த ஊரில் ஒருவன்தான்.

ஆகவே எல்லாரும் படிக்கிற இந்த மலரில் எழுதுகிறேன். அல்வால் கூட்டத்தில் காலர் மைக்கின் குமிழை மூட நான் மறந்துவிட்டேன். வேண்டுமென்று திறந்து வைக்கவில்லை. கரீம் உஸ்தாத் அப்படி ஒரு வேலையை யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அவர் இருந்திருந்தால் என் மண்டையில் தட்டியிருப்பார். இளைஞர்கள் சிரிக்கட்டும்.

சார், எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் முறை. ‘உள்ளூர் நண்பர்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். ‘அல்வால் உரை’ என்ற தலைப்பையும் எடுத்துவிடுங்கள், அது உரை அல்ல, சண்டை. யார் எதைச் சொன்னார் என்று வரிக்கு வரி பிரித்துப் போடுங்கள். எனக்காக என் தமிழைத் திருத்த வேண்டாம், ‘ஆமாம் சார்’ என்பதற்கு நான் ‘ஹவ் சார்’ என்றேன், ‘ஹவ் சார்’ என்றே இருக்கட்டும். அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் தடித்த எழுத்துக்குக் கீழே, அதே தடித்த எழுத்தில், அதைச் சொன்னவன் பெயர் வர வேண்டும்: அந்தோணி ஆரோக்கியம், அல்வால். மைக்கை மூட மறந்தவன் என்றும் சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.